தோட்டத்துப் பாதைக்கு எந்த மோட்டார்?
காற்றில் குளிரும் எண்டூரோவின் அமைப்பும் அளவுகளும்

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் என்று எந்தப் பக்கம் போனாலும், தார்ச்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே திரும்பினால் செம்மண் பாதை வந்துவிடும். ரப்பர் தோட்டங்களுக்காக வெட்டப்பட்ட பாதைகள் அவை. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை அது. இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன, சில தாமான்களாகிவிட்டன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்துவிட்டன. ஆனாலும் சொந்தத் துண்டு நிலத்தில் பால் வெட்டவும், மாட்டைப் பார்க்கவும், பழைய தோட்டத்துக் கோயிலுக்கு விளக்கேற்றவும் அந்தப் பாதையில் போகிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "மகன் ஸ்கிரேம்ப்ளர் மோட்டார் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" பெற்றோர் விலையைப் பார்க்கிறார்கள். மகன் தோற்றத்தைப் பார்க்கிறான். அந்த மோட்டார் எதற்காக அப்படிச் செய்யப்பட்டது என்பதை இருவருமே பார்ப்பதில்லை. மாதத் தவணையும் உயிரும் சேர்ந்த விஷயம் இது என்பதால், அதன் அமைப்பைப் புரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

எண்டூரோ என்றால் என்ன?

உயரமான இருக்கை, மேலே தூக்கிய மட்கார்டு, முள் போன்ற டயர் இவற்றோடு வரும் எல்லா மோட்டாரையும் ஸ்கிரேம்ப்ளர் என்று ஒரே பெயரில் அழைப்பது மலேசியாவில் பழக்கம். உண்மையில் அதில் பல வகை உண்டு. மோட்டோகிராஸ் மோட்டார் மூடிய பந்தயத் திடலுக்கு மட்டும் செய்யப்பட்டது. அதற்கு விளக்கு கிடையாது, ஹார்ன் கிடையாது, எண்பலகை கிடையாது. சாலையில் ஓட்ட அதற்கு அனுமதியும் இல்லை.

எண்டூரோ வேறு. 'தாங்கி நிற்றல்' என்ற பொருளிலிருந்து வந்த பெயர் அது. காடு, மலை, ஆறு, இடையிடையே பொதுச்சாலை என்று நாள் முழுவதும் ஓடித் தாக்குப்பிடிக்க வேண்டிய போட்டி அது. 1913இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆறு நாள் அனைத்துலகப் போட்டி இன்றும் நடக்கிறது. 1981 முதல் அதன் பெயரிலேயே எண்டூரோ என்ற சொல் இருக்கிறது. சாலையிலும் போக வேண்டும் என்பதால் இந்த வகை மோட்டாருக்கு விளக்கும் எண்பலகையும் உண்டு. ஆக, வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியுமா?" என்பதுதான். பதிவு செய்ய முடியாத மோட்டாரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், வீட்டிலிருந்து தோட்டத்து வாசல்வரை போவதுகூடக் குற்றமாகிவிடும்.

இதைப் பொதுமக்கள் கையில் கொண்டுவந்து சேர்த்தது 1968இல் வந்த யமஹா டிடி-1. 246 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர். வேலைக்கும் போகலாம், காட்டுக்கும் போகலாம் என்ற எண்ணத்தைப் பரப்பிய மோட்டார் அது. 1979இல் நடந்த முதல் பாரிஸ்-டாக்கார் பந்தயத்தில் வென்றதும் காற்றால் குளிரும் மோட்டார்தான்: 499 சிசி யமஹா எக்ஸ்டி 500. சகாரா பாலைவனத்தைத் தாண்டிய அந்த இயந்திரத்தில் ரேடியேட்டரே இல்லை.

காற்று எப்படிக் குளிர்விக்கிறது?

பெட்ரோல் எரியும்போது பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறது. மீதி பெரும்பாலும் வெப்பம். ஒரு பகுதி புகைக்குழாய் வழியாக வெளியேறும். இன்னொரு பகுதி சிலிண்டரின் சுவரிலேயே தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் நீர்த்துப்போகும்; பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும்.

சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக வரித் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. சுடுசோற்றைத் தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறுவதைப்போல, வெப்பம் காற்றில் படும் பரப்பை அவை பல மடங்கு பெருக்குகின்றன. பழைய வார்ப்பிரும்பைவிட அலுமினியக் கலவை ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எடையும் குறைவு. மிச்ச வேலையை உள்ளே சுழலும் எண்ணெய் செய்கிறது. அதனால்தான் காற்றால் குளிரும் மோட்டாரில் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவது உயிர்நாடி என்கிறார்கள்.

இதன் நன்மை என்ன? தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, ரப்பர் குழாய் இல்லை, நீரேற்றி இல்லை. செம்பனை மட்டையில் மோதி விழுந்தாலும் ரேடியேட்டர் உடைந்து நடுக்காட்டில் நிற்கும் பேச்சே கிடையாது. கையிலுள்ள சாதாரணக் கருவிகளைக் கொண்டே பல பழுதுகளைப் பார்த்துவிடலாம்.

தீமையும் உண்டு. காற்று ஓடினால்தான் குளிர்ச்சி. சேற்றில் முதல் கியரில் உறுமிக்கொண்டு நிற்கும்போது காற்று ஓடாது. வெப்பம் மட்டும் ஏறும். பேராக் மழை நாடு. தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று. அந்தச் செம்மண் சேறு வரித் தகடுகளுக்கிடையில் அப்பிக் காய்ந்துவிட்டால், இயந்திரத்துக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். காட்டிலிருந்து வந்ததும் மோட்டாரைக் கழுவுவது பளபளப்புக்காக அல்ல, இதற்காகத்தான். ஏற்றத்தில் இழுவை குறைந்து, உள்ளே 'கிளிங்' என்று தட்டும் ஓசை கேட்டால், நிறுத்திவிட்டு 10 நிமிடம் நிழலில் நிற்பதே புத்திசாலித்தனம்.

அளவுகள் சொல்லும் செய்தி

மலேசியாவிலும் விற்கப்பட்ட கவாசாகி கேஎல்எக்ஸ் 150 பிஎஃப் மோட்டாரை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பெயரில் 150 என்றாலும் அதன் கொள்ளளவு 144 சிசி. சிலிண்டரின் விட்டம் 58 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 54.4 மில்லிமீட்டர். ஒற்றைச் சிலிண்டர், இரண்டு வால்வு, ஐந்து கியர், சுமார் 12 குதிரைத்திறன். எடை 118 கிலோ. இவ்வளவுதானா என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சேற்றில் வேலை செய்வது உச்ச வேகம் அல்ல, மெதுவாகப் போகும்போது கிடைக்கும் சீரான இழுவை. அதற்கு இந்தத் திறன் போதும்.

இனி சக்கரம். முன்சக்கரம் 21 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். சிறிய சக்கரம் பள்ளத்தில் விழும். பெரிய சக்கரம் அதன்மேல் உருண்டு போகும். குறுக்கே கிடக்கும் வேரையும் மட்டையையும் ஏறிக் கடக்க 21 அங்குலச் சக்கரத்துக்கு எளிது. ஆனால் சாலை வளைவில் சட்டெனத் திரும்ப அதே சக்கரம் கொஞ்சம் தயங்கும்.

தரைக்கும் இயந்திரத்தின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 295 மில்லிமீட்டர். கப்சாயில் இதில் பாதிகூட இருக்காது. இந்த இடைவெளிக்குக் கொடுக்கும் விலைதான் 870 மில்லிமீட்டர் உயர இருக்கை. குள்ளமானவர்களுக்கு இரண்டு காலும் முழுதாகத் தரையில் ஊன்றாது. சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க முடியுமா என்று கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

எடை எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டு மோட்டார் ஒன்றைப் பார்க்கலாம். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சென்னைப் பகுதி ஆலையில் செய்து, 2016இல் வெளியிட்ட முதல் ஹிமாலயன், எண்ணெய்க் குளிர்விப்பானும் சேர்ந்த காற்றால் குளிரும் 411 சிசி இயந்திரம் கொண்டது. விட்டம் 78 மில்லிமீட்டர், ஓட்டம் 86 மில்லிமீட்டர். ஓட்டம் நீளமாக இருப்பதால் குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை. மலைச்சாலைக்கும் நீண்ட பயணத்துக்கும் அருமையான வண்டி. ஆனால் எடை 180 கிலோவுக்கு மேல். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுவதற்கு அது ஏற்றது. செம்பனைக் கால்வாயில் சரிந்துவிட்டால் தனியாள் தூக்கி நிறுத்துவது கடினம். 2023இல் வந்த அடுத்த ஹிமாலயன் 452 சிசி, திரவத்தால் குளிரும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. வெப்பநிலை ஒரே சீராக இருந்தால்தான் கூடுதல் திறனும் குறைந்த புகையும் சாத்தியம் என்பதே காரணம். காற்றால் குளிரும் முறையின் எல்லை எது என்பதை இது காட்டுகிறது.

கப்சாய்க்கு என்ன குறை?

தோட்டப்புறத்தின் உண்மையான காட்டு மோட்டார் எது என்று கேட்டால், பெரியவர்கள் கப்சாய் என்றுதான் சொல்வார்கள். ஹோண்டா 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வழிவந்த வண்டி அது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ வழியாக ஹோண்டா இந்த நாட்டில் வேரூன்றியது. உலகெங்கும் 10 கோடி வண்டிகளை 2017இல் தாண்டிய குடும்பம் அது. சி 70, பிறகு 97 சிசி இஎக்ஸ் 5 என்று தோட்டத்து வீடுகளில் அது இடம்பிடித்தது. அதுவும் காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர்தான். படுத்த நிலையில் இருக்கும் சிலிண்டரின் தலைப்பகுதி நேரே காற்றுக்கு முகம் கொடுத்திருக்கும். கையால் கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை.

இதில் பற்சக்கரத்தை மாற்றி இழுவையைக் கூட்டும் வித்தை பட்டறைகளில் பழகிப்போன ஒன்று. கணக்கு எளிது. முன்னால் 14 பல், பின்னால் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால், பின்பக்கம் மூன்று பல் கூட்டியதற்குச் சமம். இழுவை ஏறத்தாழ 8 விழுக்காடு கூடும். உச்ச வேகம் அதே அளவு குறையும். பல்லைக் குறைத்துவிட்டு நெடுஞ்சாலையில் இயந்திரத்தை அலறவிட்டால் ஆயுள் குறையும். அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு சுமை. எண்டூரோவின் பின்பகுதிச் சட்டம் எடை குறைவாக இருக்கவேண்டும் என்றே மெல்லியதாகச் செய்யப்படுகிறது. அது ஒரு மனிதரை ஏற்றிக் குதிக்கச் செய்த சட்டம். இரு பக்கமும் பால் தோம்பு கட்டவோ, செம்பனைக் குலை ஏற்றவோ செய்ததல்ல. உயரமான வண்டியில் சுமையும் உயர ஏறும். சேற்றில் சாயும் ஆபத்தும் ஏறும். தாழ்ந்த கப்சாயில் அந்தச் சுமை நிலையாக உட்காரும். பால் வெட்டப் போகும் அப்பாவுக்கும், வார இறுதியில் காட்டுப் பாதையில் ஓட்ட நினைக்கும் மகனுக்கும் ஒரே மோட்டார் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

உயிர் பற்றிய கணக்கு

மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. காட்டு மோட்டாரில் இந்த ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் காடு அல்ல, ஈரமான தார்ச்சாலை. முள் டயரில் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. மண்ணைக் கவ்வும் அதே டயர், மழையில் நனைந்த சாலையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர், சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரைப் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. காட்டில் ஓட்டக் காற்றைக் குறைத்தவர்கள், சாலைக்கு வருமுன் மீண்டும் நிரப்ப மறக்கக் கூடாது.

பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான். அதற்கு மேற்பட்ட மோட்டாருக்கு வேறு உரிமம் வேண்டும். உரிமம் பொருந்தாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரும். தாத்தா பால் வெட்டிய தோட்டம் என்றாலும், இன்று அது நிறுவனத்தின் நிலம். அனுமதி கேட்டுவிட்டு நுழைவதே முறை.

ஆகவே மோட்டார் வாங்குமுன் ஒரு தாளில் மூன்று விடைகளை எழுதிப் பாருங்கள். தினமும் போகும் பாதையில் தார் எவ்வளவு, மண் எவ்வளவு? பின்னால் ஏற்றப்போவது ஆளா, சுமையா? விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா? மண் பாதை அதிகம், சுமை இல்லை, தூக்க முடியும் என்றால் காற்றில் குளிரும் சிறிய எண்டூரோ சரியான துணை. சுமைதான் முக்கியம் என்றால் வாசலில் நிற்கும் பழைய கப்சாயை விற்றுவிட வேண்டாம். எதை வாங்கினாலும் முதல் மாதத் தவணைக்கு முன்பே நல்ல தலைக்கவசம் ஒன்றை வாங்கிக் கொடுப்பது பெற்றோரின் கடமை. மகன் வீடு திரும்புவதற்கு எந்த இயந்திரத்தையும்விட அதுதான் அதிகம் உதவும்.