குஜராத்தும் ஆப்பிரிக்காவும்

வாணிகம் நாடுகளை இணைக்கும் என்பது நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்த செய்தி. அது முழு உண்மையா, பாதி உண்மையா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. பண்டம் போய்வருவதால் மட்டும் உறவு வந்துவிடுமா? ஈராயிரம் ஆண்டுகளாகப் பண்டம் போய்வந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் விடை கிடைக்கும். அத்தகைய இடம் நம் காலடியிலேயே இருக்கிறது. நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் குஜராத்துக்கும், மேற்கே கடலுக்கு அப்பாலுள்ள ஆப்பிரிக்காவுக்கும் இடையே நிலவும் தொடர்பையே சொல்கிறேன். குஜராத் 1960 மே முதல் நாள் தனி மாநிலமாயிற்று. ஆனால் அதன் துறைமுகங்களின் கணக்கேடு மாநிலத்தைவிட எவ்வளவோ பழையது.

காற்று காட்டிய வழி

இத்தொடர்பைத் தொடங்கி வைத்தவர் அரசரும் அல்லர், வணிகரும் அல்லர். அதைத் தொடங்கி வைத்தது காற்று. குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பு விரைவில் குளிர்ந்துவிடுகிறது. கடல் அவ்வளவு விரைவில் குளிர்வதில்லை. ஆகவே நிலத்தின்மேல் காற்றழுத்தம் மிகுந்து, காற்று வடகிழக்கிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கோடையில் நிலம் காய்ந்ததும் இது தலைகீழாகி, தென்மேற்கிலிருந்து காற்று வருகிறது. மார்கழி, தை மாதங்களில் பாய் விரித்த மரக்கலம் வடகிழக்குக் காற்றோடு ஆப்பிரிக்கக் கரைக்குப் போகும். காற்று திரும்பிய பிறகே ஊர் திரும்பும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. போன மறுநாளே திரும்ப முடியாது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் அங்கே தங்கியாக வேண்டும். தங்கினால் வீடு வேண்டும். வீடு வேண்டுமானால் பேச்சு வேண்டும். பேச்சு வந்தால் பழக்கம் வரும். வணிகனை விருந்தாளியாக்கியது பருவக்காற்றுதான்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், பாரிகாசா என்று அது குறிப்பிடும் நம் பரூச்சிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குக் கோதுமை, அரிசி, நெய், நல்லெண்ணெய், பருத்தித் துணி, சர்க்கரை ஆகியவை சென்றதாகக் கூறுகிறது. 1498இல் வாஸ்கோ ட காமா மாலிந்தி துறைக்கு வந்தபோது, அங்கே இந்தியக் கப்பல்கள் முன்னமே நின்றுகொண்டிருந்தன. அவன் ‘கண்டுபிடித்த’ கடல், நம்மவர்க்கு நன்கு பழகிய முற்றம்.

மணியின் கதை

அனுப்பிய பண்டங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது சூதுபவள மணி. நான் வேதியியல் மாணவன். அதன் சிவப்பு ஒரு வேதியியல் பாடம். பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் தோண்டி எடுக்கும்போது இக்கல் பெரும்பாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். கல்லுக்குள் சிறிதளவு இரும்பு, நீரோடு கூடிய சேர்மமாக ஒளிந்திருப்பதே காரணம். கல்லை முதலில் வெயிலில் காய வைப்பார்கள். பிறகு மண்சட்டியில் இட்டு மெல்லிய சூட்டில் சுடுவார்கள். நீர் வெளியேறிவிட, எஞ்சுவது இரும்பு ஆக்சைடு. அதாவது, துருவுக்கும் செம்மண்ணுக்கும் நிறம் தரும் பொருளே. கல் சிவந்துவிடுகிறது. சூடு மிகுந்தால் வெடித்துவிடும். குறைந்தால் நிறம் ஏறாது. வெப்பமானி இல்லாத காலத்திலேயே கம்பாத்துக் கைவினைஞர் இதைத் தலைமுறை தலைமுறையாகத் துல்லியமாகச் செய்துவந்தனர்.

அம்மணிகள் கடல் கடந்து போயின. தான்சானியாவின் கில்வா போன்ற பழைய துறைமுக நகரங்களின் அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. நம் கொடுமணலிலும் கீழடியிலும் இவ்வகை மணிகள் கிடைத்திருப்பதை நண்பர்கள் அறிவார்கள். மணி தேய்க்கும் வேலைக்கு இன்னொரு விலையும் உண்டு. தேய்க்கும்போது பறக்கும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. கம்பாத்தில் அந்நோய்க்குப் பலியான தொழிலாளர் பலர். அழகிய பொருளைக் கையில் எடுக்கும்போது அதைச் செய்த கையையும் நினைக்க வேண்டும்.

ரத்தன்பூர்க் குன்றில் பாவா கோர் என்னும் பெரியவரின் தர்கா உள்ளது. அவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்றும், இம்மணித் தொழிலை வளர்த்தவர் என்றும் மரபுக் கதை கூறுகிறது. மணி இங்கிருந்து அங்கே போயிற்று. மனிதர் அங்கிருந்து இங்கே வந்தனர்.

சொல்லும் இசையும்

அவ்வாறு வந்தவர்களின் வழிவந்தோரே சித்தி மக்கள். படைவீரராகவும், மாலுமிகளாகவும், அடிமைகளாகவும் வந்தவர்களின் சந்ததியார் அவர்கள். கீர்க் காட்டை அடுத்த ஜம்பூர் அவர்கள் வாழும் ஊர்களுள் ஒன்று. பேசுவது குஜராத்தி, ஆனால் அவர்களுடைய பறையிலும் ஆட்டத்திலும் ஆப்பிரிக்கா இன்னும் ஒலிக்கிறது. அவ்வாட்டத்துக்கு வழங்கும் ‘கோமா’ என்னும் பெயர், சுவாகிலி மொழியில் பறையைக் குறிக்கும் ‘இங்கோமா’ என்னும் சொல்லே. அகமதாபாத்துக்குப் போகிறவர்கள் சித்தி சையத் பள்ளிவாசலின் கல் சாளரத்தைக் காணத் தவறுவதில்லை. கல்லில் மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கும் அதிசயம் அது. 1570களில் அதைக் கட்டுவித்தவர் அபிசீனிய மரபினரான ஒரு பிரபு. இந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்ட கலை, ஓர் ஆப்பிரிக்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது!

சொற்களும் கடல் கடந்தன. சுவாகிலியில் பணத்துக்கு ‘பேசா’ என்று பெயர்; நம் பைசாதான் அது. இலட்சத்துக்கு ‘லாக்கி’, வண்டிக்கு ‘காரி’, காப்பீட்டுக்கு ‘பீமா’, சப்பாத்திக்குச் சப்பாத்தியே. 2007இல் கென்யாவில் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் முறை தொடங்கி உலகப் புகழ் பெற்றது. அதற்கு வைத்த பெயர் ‘எம்-பேசா’. பழைய பைசா புதிய கருவியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கடையும் கசப்பும்

இதுவரை சொன்னவை இனிப்பு. கசப்பையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

19ஆம் நூற்றாண்டில் சான்சிபார் சுல்தானின் சுங்க வரியை வசூலிக்கும் குத்தகை, கச்சு நாட்டு முந்திராவைச் சேர்ந்த ஜெயராம் சிவ்ஜியின் குழுமத்திடம் நெடுங்காலம் இருந்தது. கிராம்பும் யானைத் தந்தமும் அவர்கள் கணக்கில் ஏறின. ஆனால் அதே சான்சிபாரில் 1873 வரை அடிமைச் சந்தையும் நடந்தது. அந்த வாணிகத்துக்குக் கடன் கொடுத்தவர்களுள் நம் நாட்டவரும் உண்டு. இதை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று.

பிறகு ஆங்கிலேயர் 1896இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை போடத் தொடங்கினர். இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 தொழிலாளரைக் கொண்டுபோயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பஞ்சாபியர். ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். பாதை போன இடமெல்லாம் குஜராத்தி வணிகர் சிறு கடை வைத்தனர். உப்பு, துணி, மண்ணெண்ணெய் என எல்லாம் விற்ற அக்கடைக்கு ‘டூக்கா’ என்று பெயர். போர்பந்தர்ப் பகுதியிலிருந்து சிறுவனாகப் போன நாஞ்ஜி காளிதாஸ் மேத்தா, 1924இல் உகாண்டாவின் லுகாசியில் சர்க்கரை ஆலையே நிறுவினார். காந்தியடிகள் பிறந்த வீட்டை அடுத்து நிற்கும் கீர்த்தி மந்திர் அவர் கொடையால் எழுந்தது.

உழைப்பில் குறையில்லை, ஈகையிலும் குறையில்லை. ஆயினும் ஒரு குறை இருந்தது. குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலேயர் மேலே, ஆப்பிரிக்கர் கீழே, இந்தியர் நடுவே என்று படிக்கட்டு அமைந்திருந்தது. நடுப்படியில் நின்றவர்கள் கீழ்ப்படியைத் திரும்பிப் பார்த்தது அரிது. கடை வாசலில் ஆப்பிரிக்கரைக் கண்டார்கள். வீட்டு முற்றத்தில் கண்டதில்லை. உறவு கல்லாப்பெட்டியோடு நின்றது.

1972 ஆகஸ்டில் இடி அமீன், ஆசியர்கள் 90 நாட்களில் உகாண்டாவை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டான். ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெட்டியும் கையுமாக வெளியேறினர். அது கொடுமை, எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாதது. ஆனால் அவ்வாணையைப் பொதுமக்களுள் பலர் கைதட்டி வரவேற்றார்களே, அது ஏன் என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. பிற்காலத்தில் ஆட்சி மாறியபின் வெளியேறியவர்களை அழைத்தனர். லுகாசி ஆலையும் பழைய குடும்பத்தாரிடம் திரும்பியது. கென்யாவோ 2017இல், தன் மண்ணில் வாழும் ஆசியரைத் தன் நாட்டு இனங்களுள் 44ஆவது இனமாக ஏற்றது. முறிந்த கிளை மீண்டும் துளிர்க்கும். ஆனால் முறிந்த தழும்பு மறையாது.

தென்னாப்பிரிக்காவில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் நேட்டாலில் இறக்கியது ஒப்பந்தக் கூலிகளை. அவர்களுள் தமிழர் மிகப் பலர். குஜராத்தி வணிகரோ தம் செலவில் போனவர். போர்பந்தரைச் சேர்ந்த வணிகர் ஒருவரின் வழக்குக்காகவே 1893இல் காந்தியடிகள் அங்கே சென்றார். வணிகரும் கூலியும் வெவ்வேறு உலகத்தில் வாழ்ந்தனர். 1913 சத்தியாக்கிரகத்தில் சுரங்கத் தொழிலாளரும் பெண்களும் சிறை புகுந்தபோதே அவ்விரு உலகமும் ஒன்றாயின. சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரியில் உயிர் துறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நாம் மறக்க முடியுமா? பண்டத்தைப் பகிர்ந்தவரைவிடத் துன்பத்தைப் பகிர்ந்தவரே உறவினர் ஆயினர்.

வைரம் கற்பிக்கும் பாடம்

இன்றைய நிலைக்கு வருவோம். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களுள் பெரும்பாலானவை சூரத்தில் தீட்டப்படுகின்றன. சூரத்தில் வைரச் சுரங்கம் கிடையாது. கல் வருவது போட்ஸ்வானா, அங்கோலா, நமீபியா, தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளிலிருந்து, கைத்திறன் இங்கே.

போட்ஸ்வானா 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே ஒராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அரசு ஒரு கேள்வி கேட்டது: எங்கள் நிலத்துக் கல்லை வெளிநாட்டில் தரம் பிரித்து, வெளிநாட்டில் விற்று, வெளிநாட்டில் தீட்டினால் எங்கள் இளைஞருக்கு என்ன வேலை? விடாது கேட்டதன் பயனாக, இலண்டனில் நடந்துவந்த டி பியர்ஸ் நிறுவனத்தின் வைர விற்பனை 2013இல் காபரோன் நகருக்கு மாறியது. இந்திய நிறுவனங்கள் சிலவும் அங்கே பட்டறை வைத்து, அந்நாட்டாருக்குத் தொழில் கற்றுத் தருகின்றன.

இதனால் சூரத்துக்கு இழப்பு வாராதா என்று சிலர் கேட்பர். சிறிது வரலாம். ஆனால் மூலப்பொருளை மட்டும் தரும் நாடு என்றும் ஏமாளியாகவே இருக்கும் என்று நம்பி நடத்தும் வாணிகம் நிலைக்காது. நம் நாட்டுப் பருத்தியை வாங்கித் துணியாக்கி நமக்கே விற்றவர்களை நாம் எதிர்த்தோம் அல்லவா? நாம் அன்று கேட்ட கேள்வியைத்தான் போட்ஸ்வானா இன்று கேட்கிறது. சூரத்திலோ இப்போது வைரத்தை ஆய்வகத்திலேயே வளர்க்கிறார்கள். அறிவியல் மாணவனாகிய எனக்கு அதில் மகிழ்ச்சியே. ஆயினும் அவ்வைரம் மலிவாக வரும்போது, சுரங்கத்தை நம்பி வாழும் ஆப்பிரிக்கத் தோழனின் வயிறு என்னாகும் என்பதும் என் பாடத்தின் ஒரு பகுதியே.

நம் பங்கு

அறிவைப் பகிரும் வாணிகமும் இப்போது தொடங்கியுள்ளது. காந்திநகரிலுள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2023இல் உகாண்டாவின் ஜிஞ்சா நகரில் கிளை திறந்தது. அதே ஆண்டு நம் சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் வகுப்புகளைத் தொடங்கியது. ஒரு காலத்தில் கிராம்பும் அடிமையும் விலைபோன தீவில் இன்று கணிதம் கற்பிக்கப்படுகிறது. இதைவிடச் சிறந்த கடன் தீர்ப்பு உண்டா?

ஆனால் நண்பர்களே, அரசுகள் கட்டிடம் கட்டலாம். நட்பைக் கட்ட முடியாது. குஜராத்தின் பல்கலைக்கழகங்களில் ஆப்பிரிக்க மாணவர் படிக்கின்றனர். நூலகத்தில் நமக்கு அடுத்த நாற்காலியில் அமர்கின்றனர். அவர்களுள் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? நாடு எது, தாய்மொழி எது என்று கேட்டிருக்கிறோமா? வாடகை வீடு தேடும்போது, ‘நீ எந்த ஊர்? என்ன சாப்பிடுவாய்?’ என்ற கேள்வி நம்மையும் குத்தியதுண்டு. அதே கேள்வி அவர்களைப் பத்து மடங்கு குத்துகிறது; நிறத்தையும் சேர்த்துக் குத்துகிறது. அயலூரில் அயலாராக வாழ்வது என்ன என்று அறிந்த நாம், டூக்காக்காரர் செய்த பிழையை இங்கே செய்யலாகாது.

செய்ய வேண்டியவை சிறியவையே. வரும் பொங்கல் விழாவுக்கு அவர்களைப் பார்வையாளராக அன்றி விருந்தினராக அழைப்போம். அவர்கள் விழாவுக்கு அழைத்தால் தவறாது போவோம். ஆய்வுக்கூடத்தில் துணை தேடும்போது தமிழ் பேசுபவரையே தேடாது, தனித்து நிற்பவரோடு சேர்வோம். சுவாகிலியில் பத்துச் சொல் கற்போம். அவற்றுள் ஐந்து நமக்கு முன்பே தெரிந்தவை!

பழைய மாலுமி காற்று மாறும்வரை காத்திருந்தான். அக்காத்திருப்பில் மொழி கற்றான், நட்புக் கொண்டான். இன்று விமானம் ஒரே நாளில் கொண்டுபோய், ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. தங்கிப் பழகும்படி எந்தக் காற்றும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அதை நாமேதான் விரும்பிச் செய்ய வேண்டும்.