கடனுக்குப் பதிலா வந்த ஐரோப்பா வெள்ளி மெடல்: கணக்கு பார்க்கலாமா?

அஞ்செட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணா ஒருத்தர் போன வாரம் மூணு வெள்ளி மெடலை போட்டோ எடுத்து அனுப்பினார். ஓசூரில் வேலை பார்த்த தெரிஞ்சவர், 40,000 ரூபாய் கடனுக்குப் பதிலா கொடுத்ததாம். "வெளிநாட்டு நாணயம் சார், லட்சத்துக்குப் போகும்னு சொன்னார். பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு இதைத்தான் நம்பியிருக்கேன்" என்றார்.

வட்டமா 12 நட்சத்திரம், ஐரோப்பிய ஒற்றுமைக்கு ஒரு வாசகம், 999 முத்திரை, தலா 20 கிராம். நாட்டின் பெயரும் இல்லை, பண மதிப்பும் இல்லை. அதனால இது நாணயமே இல்லை, மெடல்.

யூரோ நோட்டும் நாணயமும் ஜனங்க கைக்கு வந்தது 2002 ஜனவரி 1-ல். அந்தக் காலகட்டத்துல தனியார் கம்பெனிகள் இந்த மாதிரி மெடல்களை அழகான பெட்டி, சான்றிதழோட செட் செட்டா வித்தாங்க. மக்கள் யூரோ நாணயம்னு குழம்பக்கூடாதுன்னு 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் தனி விதிமுறையே கொண்டு வந்தது. 1987-ல் பெல்ஜியம் வெளியிட்ட 5 எக்யூ வெள்ளி நாணயம் வேற கதை, அது அரசே அடிச்சது. நம்ம தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 1000 ரூபாய் நாணயமும் அப்படித்தான்: 35 கிராம், அதுல 80% வெள்ளி.

இப்போ கணக்கு. சும்மா ஒரு பேச்சுக்கு வெள்ளி கிராம் 200 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 60 கிராமுக்கு 12,000. முத்திரை பொய்யாகி தரம் 925-னு வந்தா 11,100. கடைக்காரர் கழிவு தனி. பெட்டிக்கும் சான்றிதழுக்கும் நகைக்கடையில பத்து பைசா கிடைக்காது.

"பூஜை ரூம்ல வெச்சா வரி வராதுல்ல சார்?" என்றும் கேட்டார். வித்து லாபம் வந்தா வரும். லட்சுமி பூஜைக்கு வெச்சிருந்த வெள்ளி ரூபாய்களைக்கூட சொந்த உபயோகப் பொருள்னு ஏத்துக்க முடியாதுன்னு 1976-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

எனக்கு இருந்த பயம் வேற. "அண்ணா, புரோநோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

"இல்ல சார், பீரோவுல இருக்கு."

அப்பாடா! முதல்ல மெஷின்ல தரம் பார்க்கச் சொன்னேன். அன்னைக்கு ரேட்டுல வர்ற தொகையை மட்டும் நோட்டுக்குப் பின்னாடி தேதியோட வரவு எழுதி, கடன் வாங்கினவர் கையெழுத்து வாங்கணும். புரோநோட்டுக்கு ஆயுள் 3 வருஷம்தான். அதுக்குள்ள இப்படி வரவு வெச்சா, அந்தத் தேதியிலிருந்து புதுசா 3 வருஷம் ஓடும். அவர் நோட்டுக்கு இன்னும் நாலு மாசம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஏறுறேன்னு சொல்லியிருக்கார்.