லாராவின் வயலைத் தின்ற வெட்டுக்கிளி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வால்நட் குரோவ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1875-ஆம் ஆண்டுக் கோடையில், அந்த ஊருக்குப் பக்கத்தில் பிளம் ஓடைக் கரையில் லாரா என்ற எட்டு வயதுப் பெண் தன் குடும்பத்தோடு வசித்தாள். வயலில் கோதுமை முற்றி நின்றது. அதை நம்பி அப்பா கடனுக்குப் பலகை வாங்கி வீடுகூடக் கட்டிவிட்டார். ஒரு நாள் பட்டப்பகலில் வெளிச்சம் மங்கியது. சூரியனை மறைத்த மேகம் மினுமினுத்தது. மேகத்திலிருந்து விழுந்தது மழை இல்லை, வெட்டுக்கிளிகள்! கோதுமை போயிற்று. புல், காய்கறிச் செடி, மரத்து இலை எல்லாம் போயின. கோடிக்கணக்கான வாய்கள் மெல்லும் ஓசை வீட்டுக்குள்ளேயே கேட்டது. அப்பா வேலை தேடி, கிழக்கே வெகு தூரம் நடந்தே போனார்.

அந்தச் சிறுமிதான் பின்னால் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் லாரா இங்கால்ஸ் வைல்டர். அவருடைய முதல் நாவல் 1932-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 65. தன் பிள்ளைப் பருவத்தை வரிசையாகச் சிறுவர் நாவல்களாக எழுதினார். அவற்றை நாம் கதையாகப் படிக்கிறோம். பூச்சியியல் அறிஞர்களும் மருத்துவர்களும் வானிலை ஆய்வாளர்களும்கூட அவற்றைப் படித்திருக்கிறார்கள். கதையில் வருபவர்களுக்குப் புரியாமல் போன பல விஷயங்களுக்கு அறிவியல் பிற்பாடு விடை கண்டது. அந்த விடைகளைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், லாராவின் குடும்பம் கான்சாஸ், மினசோட்டா, டகோட்டா என்று ஏன் ஊர் ஊராக அலைந்தது? 1862-இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 21 வயதானவரோ குடும்பத் தலைவரோ சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரசு நிலம் கேட்கலாம். அங்கே வீடு கட்டி, உழுது பயிரிட்டு, ஐந்து ஆண்டு குடியிருந்தால் நிலம் அவருக்கே சொந்தம். பல இலட்சம் பேர் மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் மேற்கே கிளம்பினார்கள். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். மரம் அரிது. அதனால் பலர் வேர் பின்னிய புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து, செங்கல் போல அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். லாராவின் குடும்பம் பிளம் ஓடையில் முதலில் குடியிருந்தது கரையைக் குடைந்து செய்த மண் வீட்டில்தான். தடித்த மண் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே விடும், மெதுவாகத்தான் வெளியே விடும். எனவே அந்த வீடு கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு.

இனி வெட்டுக்கிளிக்கு வருவோம். அதன் பெயர் ராக்கி மலை வெட்டுக்கிளி. 1875-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆல்பர்ட் சைல்டு என்பவர் தம் ஊரைக் கடந்து போன கூட்டத்தைக் கவனித்தார். அது எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்று கணக்கிட்டார். பக்கத்து ஊர்களுக்குத் தந்தி அடித்து அங்கேயும் தெரிகிறதா என்று கேட்டார். கூட்டம் பரவியிருந்த பரப்பு ஏறக்குறைய 1,98,000 சதுர மைல் என்பது அவர் போட்ட மதிப்பீடு. நம் தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு! தந்தியை வைத்தே ஒரு பூச்சிக் கூட்டத்தை அளந்த அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

லாராவின் நாவலில் இன்னொரு காட்சி வருகிறது. வெட்டுக்கிளிகள் மண்ணில் முட்டையிட்டன. மறு ஆண்டு குஞ்சுகள் பொரிந்து வெளிவந்தன. ஒரு நாள் அவை எல்லாம் மேற்கு நோக்கி நடக்கத் தொடங்கின. எதிரே வீடு இருந்தால் சுவர் மேல் ஏறி இறங்கின. ஓடை குறுக்கிட்டால் அதில் விழுந்து மூழ்கின. பின்னால் வந்தவை செத்தவற்றின் மேல் ஏறி நடந்தன. ஏன் நிற்கவே இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. நம் காலத்தில் பாலைவன வெட்டுக்கிளிக் குஞ்சுகளை ஆய்வு செய்தவர்கள் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் இரை குறையும்போது, பின்னால் வரும் குஞ்சு முன்னால் போவதைக் கடிக்கிறது. நின்றால் கடி, நடந்தால் தப்பு! அதனால் எல்லாமே ஓயாமல் முன்னேறுகின்றன. ராக்கி மலை வெட்டுக்கிளியிடம் இதைச் சோதித்துப் பார்க்க இன்று வழி இல்லை. ஏனென்றால் அந்த இனமே இப்போது இல்லை.

ஆம், வானத்தை மறைத்த அந்தப் பூச்சி முற்றிலும் அழிந்துவிட்டது. உயிரோடு கடைசியாகப் பிடித்தது 1902-இல், கனடாவில். பெருங்கூட்டம் வந்து முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. பூச்சிமருந்தால் அழிந்ததா? இல்லை, அவ்வளவு பெரிய கூட்டத்தை அழிக்கும் மருந்து அப்போது கிடையாது. தகரத் தட்டில் தார் பூசி வயலில் இழுத்துப் போனார்கள், ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டார்கள். எதற்கும் அது மசியவில்லை.

வயோமிங் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட் இந்த மர்மத்தைப் பல ஆண்டு ஆராய்ந்தார். மலைப் பனிப்பாறைகளில் உறைந்து கிடந்த பழைய வெட்டுக்கிளி உடல்களை அவரும் அவர் குழுவினரும் தேடி எடுத்தார்கள். அவர் தரும் விளக்கம் இது: பெருங்கூட்டமாகக் கிளம்பாத ஆண்டுகளில் இந்த வெட்டுக்கிளி ராக்கி மலையின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மட்டும் ஒடுங்கி வாழ்ந்தது. அந்த ஆண்டுகளில் முட்டையிட்டதும் அங்கேதான். சரியாக அந்த இடங்களிலேயே புதிதாக வந்தவர்கள் குடியேறினார்கள், நிலத்தை உழுதார்கள், தண்ணீர் பாய்ச்சினார்கள், மாடுகளை மேயவிட்டார்கள். மண்ணில் கொஞ்ச ஆழத்தில் கிடந்த முட்டைகள் புரண்டு காய்ந்தன, நீரில் ஊறி அழுகின, குளம்படியில் நசுங்கின. பரந்த புல்வெளியில் யாராலும் வெல்ல முடியாத பூச்சியைச் சில பள்ளத்தாக்குகளில் ஓட்டிய ஏர் அழித்துவிட்டது. ஏர் ஓட்டியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஓர் உயிரினம் எத்தனை கோடி இருந்தாலும், அது ஒடுங்கும் இடம் சிறியதாக இருந்தால் ஆபத்துதான். காட்டுயிர்களைக் காக்க நினைப்பவர்கள் இன்றும் இந்தக் கதையை எடுத்துச் சொல்கிறார்கள்.

அடுத்தது காய்ச்சல். லாரா மிகச் சிறியவளாக இருந்தபோது கான்சாஸ் புல்வெளியில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிர்காய்ச்சல் வந்தது. ஓடைக்கரைத் தர்ப்பூசணி தின்றதால் வந்தது என்றார் அக்கம்பக்கத்தவர் ஒருவர். இரவுக் காற்றால் வந்தது என்று நம்பியவர்களும் உண்டு. ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர் வந்து கசப்பான குவினைன் கொடுத்துக் காப்பாற்றினார். அவர் கற்பனைப் பாத்திரம் அல்லர், உண்மையில் வாழ்ந்தவர். அந்தக் காய்ச்சல் மலேரியா. அதைப் பரப்புவது கொசு என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டார். எங்கே தெரியுமா? நம் நாட்டுச் செகந்திராபாத்தில்!

லாராவின் அக்கா மேரிக்கு 14 வயதில் கண்பார்வை போயிற்று. செங்காய்ச்சலால் போனது என்கிறது நாவல். ஆனால் லாரா தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் முதுகுத்தண்டு நோய் என்று வேறுவிதமாகக் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடிதங்களையும் அக்கால உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் ஆராய்ந்த மருத்துவர்கள், வைரஸ் கிருமியால் மூளையிலும் அதன் உறையிலும் ஏற்பட்ட அழற்சியே காரணமாக இருக்கக்கூடும் என்று 2013-இல் எழுதினார்கள்.

1880 அக்டோபரில் தொடங்கி 1881 வசந்தம் வரை டகோட்டாவில் அடித்த பனிப்புயல்களைப் பற்றியும் லாரா ஒரு நாவல் எழுதினார். லாராவின் குடும்பம் அப்போது வாழ்ந்த டி ஸ்மெட் ஊருக்கு மாதக்கணக்கில் ரயில் வரவில்லை. நிலக்கரி தீர்ந்தது. காய்ந்த புல்லை இறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டார்கள். தளர்ந்த புல் குப்பென்று எரிந்து போகும், முறுக்கினால் உள்ளே காற்று எளிதில் புகாது, நின்று எரியும். காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டார்கள். லாரா மிகைப்படுத்துகிறாரோ என்று சந்தேகம் வரலாம். பார்பரா பௌஸ்டெட் என்ற வானிலை ஆய்வாளர் பழைய பதிவேடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தக் குளிர்காலம் உண்மையிலேயே மிகக் கடுமையானது என்று தெரிந்தது.

ஆனால் லாராவின் கண்ணுக்கு எட்டாதவையும் உண்டு, எழுதாமல் விட்டவையும் உண்டு. ஒன்பது மாதத்தில் இறந்துபோன தம்பி நாவல்களில் வரவில்லை. அதைவிடப் பெரிய குறை வேறு. கான்சாஸில் அப்பா வீடு கட்டிய நிலம் ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்குச் சொந்தம். அங்கே குடியேற அவருக்கு உரிமை இல்லை. அந்த மக்களை லாராவின் நாவல் பயத்தோடும் இளக்காரத்தோடும் காட்டுகிறது. அது தவறு. அவர் பெயரில் வழங்கி வந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு 2018-இல் மாற்றியதற்கும் இது ஒரு காரணம். லாராவைப் படிப்பவர்கள் லூயிஸ் எர்ட்ரிக் எழுதிய 'பர்ச்பட்டை வீடு' நாவலையும் படிக்க வேண்டும். 1847-இல் சுப்பீரியர் ஏரித் தீவில் வாழும் ஒஜிப்வே சிறுமியின் கதை அது. பெரியம்மை அந்த ஊரை என்ன செய்தது என்பதை அதில் பார்க்கலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: அவர்கள் சிறுவயதில் பார்த்த பெரும் புயல் எது, வறட்சி எது? வயலில் என்ன பூச்சி விழுந்தது? ஊரில் என்ன காய்ச்சல் வந்தது, எதனால் வந்தது என்று அப்போது சொன்னார்கள்? கேட்டதை ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், அப்போது அவர்கள் எந்த வகுப்பில் படித்தார்கள் என்று கேட்டால் போதும், கணக்குப் போட்டுவிடலாம்.