மருந்துச் சீட்டு எழுதும் நாலு வயது டாக்டர்

எதிர்வீட்டுச் சிறுமிக்கு நாலு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டாக்டர், நான் நோயாளி. "நாக்க நீட்டுங்க மாமா" என்பாள். நெஞ்சில் டம்ளரை வைத்துக் கேட்பாள். பிறகு பழைய காலண்டர் தாளைக் கிழித்து, இடமிருந்து வலமாக அலை அலையாக மூன்று கோடு இழுத்து நீட்டுவாள். "என்ன டாக்டர் எழுதியிருக்கீங்க?" என்றால் ஒவ்வொரு கோட்டிலும் விரல் வைத்து வாசிப்பாள்: "இது காலைல. இது ராத்திரி. இது ஐஸ்கிரீம் சாப்பிடக் கூடாது."

இன்னும் 'அ' எழுத வரவில்லையே என்று அவள் அம்மாவுக்குக் கவலை. பக்கத்துத் தெருப் பிள்ளை 'ஔ' வரை எழுதுகிறதாம். ஆனால் எழுத்தைப் பற்றித் தெரிய வேண்டிய பெரிய சங்கதிகள் அந்தக் காலண்டர் தாளிலேயே இருக்கின்றன. வாயால் சொன்னதைத் தாளில் நிறுத்தி வைக்கலாம். மறுபடி எடுத்துப் பார்த்தால் அதே சேதி வரும். கோடு இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போகும். இதையெல்லாம் யாரும் அவளுக்குப் பாடம் நடத்தவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தாள், வீட்டில் ஆடினாள். நியூசிலாந்தின் மேரி க்ளே 1966இலேயே தன் ஆய்வேட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். வாசிப்பு என்பது முதல் வகுப்பு வாசலில் திடீரென்று தொடங்குவதல்ல, அதற்கு வெகு முன்பே அரும்பு விட ஆரம்பிப்பது என்பது அவர் வழி வந்த புரிதல்.

கண்ணுக்கு முன்னால் பழக வேண்டியது காது. 'பழம்' என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைக் கை தட்டச் சொல்லுங்கள். இரண்டு தட்டுதான் விழும்: ப, ழம். எழுதினாலோ மூன்று எழுத்து. கடைசியில் ஒரு 'ம்' தனியாக நிற்பது காதுக்குப் பிடிபட்டால்தான் கைக்குப் புள்ளி வரும். 'பழம' என்று எழுதிச் சிவப்பு மைச் சுழி வாங்கும் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்கிறோம். அது பாவம், கேட்டதை எழுதியிருக்கிறது. கொம்பு இன்னும் வேடிக்கை. 'கெ' என்னும்போது வாயில் முதலில் வருவது 'க்', பிறகுதான் 'எ'. தாளில் கொம்பு முந்திக்கொள்கிறது.

247 எழுத்து என்று சொல்லி மிரட்டுவோம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் போக மீதி 216 சேர்க்கைதான். அந்தச் சேர்க்கை புரிய, ஒலியைப் பிரித்துக் கேட்கும் காது வேண்டும், அதற்கு நாளாகும். கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகை எழுத்துகள் முழுசாகக் கைவர ஆங்கில எழுத்துகளைவிட அதிக ஆண்டுகள் பிடிப்பதைக் காட்டியது. தமிழும் அதே வகையறா. யு.கே.ஜி. முடிவதற்குள் எல்லாம் வந்தாக வேண்டும் என்று யாருக்கு நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்?

காதைப் பழக்க நோட்டு வேண்டாம். கரண்ட் போன ராத்திரிகளில் நாங்கள் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு: ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். 'பாதை' என்றால் 'தையல்'. 'தையல்' என்றதும் ஆட்டம் முட்டி நின்றுவிடும், 'ல்' என்று தொடங்கும் சொல் எங்கே இருக்கிறது? பெரிய சண்டைக்குப் பிறகு புள்ளியை எடுத்துவிடலாம் என்று முடிவாகி, யாராவது 'லட்டு' என்று கத்துவார்கள். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்ற இலக்கணத்தை அந்த இருட்டில் நாங்களே கண்டுபிடித்தோம். பத்தாம் வகுப்பில் அதையே மனப்பாடம் செய்தபோது கொட்டாவி வந்தது.

பிள்ளையிடம் நிறையப் பேசுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேசினால் மட்டும் போதாது, பேச விடவும் வேண்டும். அமெரிக்காவில் ரேச்சல் ரோமியோவும் சக ஆய்வாளர்களும் 4 முதல் 6 வயது வரையுள்ள 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, கதை கேட்கும்போது அவர்கள் மூளை எப்படி இயங்குகிறது என்று ஸ்கேன் எடுத்து 2018இல் வெளியிட்டார்கள். பெரியவர்கள் கொட்டிய சொற்களின் கணக்கைவிட, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய கணக்குதான் மொழிக்கான மூளைப் பகுதியின் சுறுசுறுப்போடு ஒத்துப்போனது. குடும்ப வருமானத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே.

முருங்கைக்கீரை ஆயும் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இது தெரியும்.

"காம்ப ஏம்மா தூக்கிப் போடுற?"

"நீயே ஒண்ணு கடிச்சுப் பாரேன்."

"அய்ய, பல்லுல மாட்டுது."

"அதுதான் நார். வேற எதுல நார் இருக்கு, சொல்லு?"

"ம்... வாழப்பழத்துல!"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'நார்' என்ற சொல் பல்லில் மாட்டி உள்ளே போய்விட்டது. செல்போன் பாட்டு இந்த வேலையைச் செய்யாது, அது பதிலுக்குக் காத்திருப்பதில்லை. ஆய்வாளர் பாட்ரிசியா கூல் 2003இல் வெளியிட்ட சோதனையில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள், எதிரே உட்கார்ந்து சீன மொழி பேசியவர்களிடமிருந்து அம்மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதையே வீடியோவில் பார்த்த குழந்தைகளிடம் ஒன்றும் ஒட்டவில்லை.

நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் 'வாழப்பழம் இருக்கு'. புத்தகத்தில் 'வாழைப்பழம் இருக்கிறது'. அந்தப் புத்தகத் தமிழ் முதன்முதலில் பாடப்புத்தகம் வழியாக வந்தால் பிள்ளைக்கு அது வேற்று மொழிதான். மடியில் உட்கார வைத்துக் கதை வாசித்தால் சொந்தக் குரலில் வந்து சேரும். புத்தகம் வாங்கக் காசில்லை என்பதும் இப்போது தடையில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமே ஆட்டம், பாட்டு என்று இறங்கிவிட்டது. வீடுகளில்தான் இரட்டைக் கோடு நோட்டு இன்னும் ஆட்சி செய்கிறது.

போன வாரம் எனக்கு லேசாக ஜலதோஷம். டாக்டர் தந்த சீட்டில் அலைக்கோடுகளுக்கு நடுவே புதிதாக மூன்று எழுத்துகள்: 'மதர'. மாத்திரையாம். காலைக் காணோம், ஒற்றைக் காணோம், 'ரை'யும் இல்லை. ஆனால் அவள் வாயில் அது 'மாத்தர'தானே! அவள் அம்மா ரப்பரைத் தேடினார். நான் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.