கழுவும் முன் படம் எடுங்கள்!
வெள்ளம் புகுந்த வீட்டுக்கு இழப்பீடு பெற எண்ணூர் சொல்லும் பாடம்

வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து வடிந்ததும் எல்லோரும் முதலில் செய்யும் வேலை, சேற்றை வாரி வெளியே கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவுவதுதான். பிள்ளைகுட்டிகள் படுக்க இடம் வேண்டும், அடுப்பு எரிய வேண்டும். ஆனால், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்தெந்தப் பொருள் நனைந்தது என்பதற்கான சாட்சியும் அந்தச் சேற்றோடு சேர்ந்து போய்விடுகிறது. பிறகு இழப்பீடு கேட்டுப் போகும்போது, கையில் காட்டுவதற்கு எதுவும் இருப்பதில்லை.

எண்ணூரில் நடந்தது

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மழையால் மூழ்கடித்தது. வடசென்னையில் எர்ணாவூர், திருவொற்றியூர் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது வெறும் மழைநீர் அல்ல. மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவர், படகு, வலை, அலையாத்திச் செடி என எல்லாவற்றிலும் கறுப்பு எண்ணெய் படிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தனி நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ.12,500, 787 படகுகளைச் சரிசெய்யத் தலா ரூ.10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ.7,500 என மொத்தம் சுமார் ரூ.8.68 கோடி. புயல் பாதிப்புக்கான நிவாரணத் தொகைகளும் அப்போது உயர்த்தப்பட்டன. சேதமடைந்த குடிசைக்கு ரூ.5,000 என்பது ரூ.8,000 ஆனது. பாசன வசதியுள்ள நெற்பயிர் 33 சதவிகிதமும் அதற்கு மேலும் சேதமானால் ஹெக்டேருக்கு ரூ.13,500 என்பது ரூ.17,000 ஆனது.

இவை அவசரத்துக்குக் கைகொடுக்கும் தொகைகள். ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் பீரோவும் போனால் அதற்கே இந்தப் பணம் போதாது. சுவரையும் தரையையும் சரிசெய்ய வீட்டுக் காப்பீடுதான் வழி. அந்தப் பணம் எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் சேர்த்த சான்றுகளே முடிவு செய்கின்றன.

பாலிசியில் என்ன இருக்கிறது?

‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 2021 ஏப்ரல் 1 முதல் வழங்குகின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவிகிதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை தானாகவே காப்பீடு கிடைக்கும். ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனங்கள் இதில் சேராது. மாடு, பயிர், படகு ஆகியவற்றுக்குத் தனித்தனி பாலிசி வேண்டும்.

எண்ணூர் போன்ற இடங்களில் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. மாசினால் மட்டும் வரும் சேதத்துக்கு இந்தப் பாலிசியில் இழப்பீடு இல்லை. ஆனால், அந்த மாசே வெள்ளம் போன்ற காப்பீட்டுக்கு உட்பட்ட நிகழ்வால் வந்திருந்தால் இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே, வீட்டுக்குள் வெள்ளம் வந்தது, அந்த வெள்ளம்தான் எண்ணெயைக் கொண்டுவந்தது என்ற இரண்டையும் படத்தில் காட்ட வேண்டும். எண்ணெய்க் கறையை மட்டும் படம் எடுத்துவிட்டு, தெருவில் நின்ற தண்ணீரை விட்டுவிட்டால் வழக்கு பலவீனமாகிவிடும். சாயப்பட்டறைக் கழிவோ, ஆலைக் கழிவோ ஆற்று வெள்ளத்தோடு வரும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

படம் எடுக்கும் முறை

வீட்டுக்குள் நுழையும் முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எண்ணெய் கலந்த நீர் என்றால் கையுறையும் ரப்பர் காலணியும் அவசியம். வாடை அடித்தால் தீப்பெட்டியைத் தொடக் கூடாது. அதன்பின்:

1. தெருவிலிருந்து தொடங்கி, கதவு எண் தெரியும்படி வாசல், பிறகு ஒவ்வோர் அறை என நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுக்க வேண்டும். இது யாருடைய வீடு, எந்த வெள்ளம் என்பதைச் சொல்லிவிடும்.

2. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் அருகே அளவு நாடாவைத் தரையிலிருந்து பிடித்து, அளவு தெரியும்படி படம் எடுக்க வேண்டும். எண்ணெய்க் கோடு தனியாக இருந்தால் அதையும் அளக்க வேண்டும்.

3. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு படம்: அது இருந்த இடத்தோடு ஒன்று, சேதம் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று. குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின், மோட்டார் என்றால் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் உள்ள தகட்டையும் எடுக்க வேண்டும்.

4. சுவர் விரிசல், உப்பிய கதவு, பெயர்ந்த தரை, மின்பெட்டி ஆகியவற்றையும் விடக் கூடாது. கட்டடச் சேதத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

5. படங்களை அன்றே வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவைப்பது நல்லது. போன் நனைந்தாலும் சான்று பிழைக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பட்டியல்

படங்களோடு ஒரு பட்டியலும் வேண்டும். பொருள், வாங்கிய வருடம், விலை, என்ன சேதம், எந்தப் படம் என்று ஐந்து பத்தியில் எழுதினால் போதும். பில் நனைந்து போயிருந்தால் வாங்கிய கடையில் நகல் கேட்கலாம். தவணையில் வாங்கியது என்றால் வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும். அதுவும் இல்லையென்றால், பண்டிகையிலோ விசேஷத்திலோ வீட்டில் எடுத்த பழைய படத்தில் அந்தப் பொருள் பின்னால் தெரிந்தாலும் அது சான்றுதான். மின்பணியாளர், கொத்தனார் ஆகியோரிடம் செலவு மதிப்பீட்டைத் தேதியிட்டு எழுதி வாங்க வேண்டும். சுத்தம் செய்த கூலி ரசீதையும் பத்திரப்படுத்த வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும் பாலிசியில் ஒரு பங்கு உண்டு.

படம் எடுத்த பிறகு சுத்தம் செய்யலாம். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமையும்கூட. ஆனால், சர்வேயர் வந்து பார்க்கும்வரை கெட்டுப்போன பொருளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. மெத்தை போல வைத்திருக்கவே முடியாதது என்றால், படம் எடுத்து, ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டு, நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு அகற்றலாம்.

யாருக்கு, எப்போது தெரிவிப்பது?

காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே போனில் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுப் படிவத்தை, சேதத்தை முதலில் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சர்வேயர் வரும்போது பட்டியலின் ஒரு நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்வது நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடம் சேதம் பற்றி மனு கொடுத்து, ரசீது பெற்றுக்கொண்டால் அரசு நிவாரணத்துக்கும் அது உதவும்.

கேள்வியும் பதிலும்

நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால்?
மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண் 155255.

பயிருக்கும் இதே முறையா?
படம், தேதி, அளவு என்ற அடிப்படை ஒன்றுதான். கெடு வேறு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உதவி எண் 14447.

மழைக்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?
உண்டு. காய்ந்த நாளில், எல்லாம் நல்ல நிலையில் இருக்கும்போது, வீட்டை ஒருமுறை அறை அறையாகப் படம் எடுத்து வைக்க வேண்டும். பாலிசி, வீட்டுவரி ரசீது, பட்டா, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றையும் போனில் படமாக வைத்துக்கொண்டு, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வைக்கலாம். ‘முன்பு இப்படி இருந்தது, பின்பு இப்படி ஆனது’ என்று இரண்டு படத்தை அருகருகே வைத்துக் காட்டினால், வாதாட வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும்.