வானத்துப் பேச்சு – 9: ஆயிரம் அடி இடைவெளி

சென்ற வாரம் டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் நின்றோம். 1977-இல் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த இடம். அங்கே பேச்சு குழம்பியது விமானத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில். இந்த வாரம் நாம் பார்க்கும் விபத்தில், ரேடியோவில் கேட்ட வார்த்தைகளில் பிழை கண்டுபிடிக்க முடியாது. இறங்கச் சொன்ன உயரமும் விமானம் திருப்பிச் சொன்ன உயரமும் ஒன்றுதான். விமானம் மட்டும் அந்த உயரத்தில் இல்லை.

1996 நவம்பர் 12, மாலை ஆறரை மணி. டெல்லியைச் சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி அப்போது விமானப்படைக்கு உரியது. பயணிகள் விமானங்கள் வரவும் போகவும் ஒரே பாதைதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, உயரத்தால் மட்டுமே அவற்றைப் பிரித்து அனுப்பினார்கள்.

டெல்லியிலிருந்து தஹ்ரானுக்குக் கிளம்பியது சவூதியா 763, போயிங் 747. உள்ளே 312 பேர்; வேலைக்காக சவூதி போகும் நம் நாட்டுத் தொழிலாளர்கள் அதில் ஏராளம். எதிரே, கஜகஸ்தானின் சிம்கென்ட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது கசாக் 1907, இல்யூஷின் 76. உள்ளே 37 பேர். சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும், கசாக் விமானம் 15,000 அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இடைவெளி ஆயிரம் அடி. விதிப்படி அது போதும்.

15,000 அடிக்கு வந்துவிட்டதாக 1907 அறிவித்தது. உண்மையில் அது இன்னும் ஆயிரம் அடிக்கும் மேலே, இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே 747 வருகிறது, கண்ணில் பட்டதும் சொல்லுங்கள் என்றார் கட்டுப்பாட்டாளர். எத்தனை மைல் என்று திருப்பிக் கேட்டது 1907. பதினான்கு மைல் என்றார். பதில் இல்லை. மறுபடி அழைத்து, பதின்மூன்று மைல், எதிரே வருவது 14,000 அடியில் என்றார். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. எதிரெதிராக வரும் இரண்டு ஜெட் விமானங்கள் அந்தத் தூரத்தை இரண்டு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

இனி காக்பிட்டுக்குள் போவோம். விபத்தின் வேர் அங்கேதான். சோவியத் மரபில் வந்த அந்த விமானத்தில் தரையோடு பேசியவர் விமானி அல்ல, தனி ரேடியோ ஆபரேட்டர். கட்டுப்பாட்டாளரின் ஆங்கிலத்தைக் கேட்டுப் பதில் சொல்வது அவர் வேலை. விமானத்தை ஓட்டியவர்கள் ஆங்கிலத்துக்கு அவரையே நம்பியிருந்தார்கள். அவர் முன்னால் உயரமானி கிடையாது. விமானம் எந்த உயரத்தில் போகிறது என்று தெரிய வேண்டுமானால் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். மீட்டரில் பழகிய குழுவுக்கு அடிக்கணக்கு வேறு கூடுதல் சுமை.

விமானம் 15,000 அடியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி நொடிகளில் ரேடியோ ஆபரேட்டர் அதைக் கவனித்து, ஏறச் சொன்னார். கேப்டன் முழு வேகம் கொடுத்து ஏறினார். இல்யூஷினின் வால் 747-இன் இடது இறக்கையை வெட்டியது. அப்படி ஏறாமல் இருந்திருந்தால் ஒருவேளை அடியில் நழுவிப் போயிருக்கும். என்னை மிகவும் உலுக்குவது இதுதான்: தவற்றைக் கண்டுபிடித்தவர் சரியாகத்தான் சொன்னார், சொன்ன நேரம்தான் தாமதம்.

ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வயல்களில் இரண்டும் விழுந்தன. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நடுவானில் மோதிய விபத்துகளில் இன்றுவரை இதுவே மிகப் பெரியது.

நீதிபதி ஆர்.சி. லஹோத்தி தலைமையிலான ஆணையம், ஒதுக்கிய உயரத்துக்குக் கீழே கசாக் விமானம் இறங்கியதே காரணம் என்றது. அந்தக் குழுவின் ஆங்கிலக் குறைபாட்டையும் சுட்டியது. மேகக் கொந்தளிப்பில் சிக்கியதால்தான் விமானம் இறங்கியது என்பது கசாக் தரப்பின் வாதம். ஆணையத்தின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியாத விமானிகள் என்ற ஒரு வரியோடு இதை மூடிவிடுவது அநியாயம். டெல்லிக் கட்டுப்பாட்டு அறையின் ரேடாரில் விமானம் எங்கே இருக்கிறது என்பது தெரியும், எவ்வளவு உயரத்தில் என்பது தெரியாது. உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ரேடார் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. 15,000 அடியில் இருக்கிறோம் என்ற குரலை நம்புவதைத் தவிர கட்டுப்பாட்டாளருக்கு வேறு வழியே இல்லை. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இரண்டு விமானத்திலும் இல்லை. அந்தக் கருவி இருந்திருந்தால், அந்தக் குழுவுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்ற கேள்வியே எழுந்திருக்காது.

அதன்பிறகு மாற்றங்கள் வந்தன. டெல்லிக்கு வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன. புதிய ரேடார் செயல்பாட்டுக்கு வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பும் விமானிகளின், கட்டுப்பாட்டாளர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் முறையை உருவாக்கி 2008-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆறு படிகளில் நான்காவது படியாவது எட்ட வேண்டும். நான்கில் நிற்பவர் மூன்று ஆண்டுக்கொருமுறை மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

இவற்றில் ரேடாரும் எச்சரிக்கைக் கருவியும் விபத்துக்கு முன்பே உலகில் இருந்தவை. அவை டெல்லி வானத்துக்கு வர 349 உயிர் போக வேண்டியிருந்தது.

1990 ஜனவரியில், எரிபொருள் தீர்ந்து நியூயார்க் அருகே விழுந்த கொலம்பிய விமானத்தைப் பற்றி அடுத்த வாரம்.