அலுமினியப் பற்றவைப்பில் நுண்துளைகளுக்கான கட்புலச் சோதனை

அலுமினியப் பற்றவைப்பில் நுண்துளைகளுக்கான கட்புலச் சோதனை என்பது, உருக்கி இணைக்கப்பட்ட அலுமினியத்தின் மேற்பரப்பில் வளிமக் குமிழ்கள் விட்டுச்சென்ற துளைகளைக் கண்ணால் ஆராய்ந்து, அளந்து, அவ்விணைப்பை ஏற்கலாமா எனத் தீர்மானிக்கும் முறை ஆகும். இது அழிவில்லாச் சோதனைகளுள் முதலில் செய்யப்படுவதும் செலவு குறைந்ததும் ஆகும். எனினும், மேற்பரப்புக்கு அடியில் உள்ள துளைகளை இதனால் அறிய இயலாது.

துளைகள் தோன்றக் காரணம்

உருகிய அலுமினியத்தில் குறிப்பிடத்தக்க அளவு கரையும் வளிமம் ஐதரசன் ஒன்றே. உருகுநிலையான 660 °செ இல், 100 கிராம் நீர்ம அலுமினியத்தில் ஏறத்தாழ 0.69 கன செ.மீ. ஐதரசன் கரைகிறது. அதே வெப்பநிலையில் திண்ம அலுமினியத்தில் ஏறத்தாழ 0.036 கன செ.மீ. மட்டுமே கரைகிறது. எனவே உலோகம் உறையும்போது மிகுதியான ஐதரசன் குமிழ்களாகப் பிரிகிறது. அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் உருகிய பகுதி விரைவில் உறைந்துவிடுகிறது. வெளியேற நேரமின்றிச் சிக்கிய குமிழ்களே துளைகளாகின்றன.

ஐதரசனின் முதன்மையான மூலங்கள் ஈரப்பதம், எண்ணெய், மசகு ஆகியவை. அலுமினியத்தின் மீதுள்ள ஆக்சைடுப் படலம் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆகவே தகடும் நிரப்புக் கம்பியும் தூய்மையாக இல்லாவிடினும், ஆர்கன் போன்ற காப்பு வளிமத்தில் ஈரம் கலந்திருப்பினும் துளைகள் பெருகும்.

வகைகள்

ஐ.எஸ்.ஓ. 6520-1 தரநிலை பற்றவைப்புக் குறைபாடுகளுக்கு எண்கள் வழங்கியுள்ளது. அவற்றுள் சில:

2011 - தனி வளிமத் துளை
2012 - சீராகப் பரவிய துளைகள்
2013 - ஓரிடத்தில் குவிந்த துளைகள்
2014 - ஒரே வரிசையில் அமைந்த துளைகள்
2017 - மேற்பரப்புத் துளை

இவற்றுள் கட்புலச் சோதனையில் நேரடியாகத் தெரிவது மேற்பரப்புத் துளையே.

சோதிக்கும் முறை

ஐ.எஸ்.ஓ. 17637 தரநிலையின்படி, சோதிக்கும் பரப்பில் ஒளிச்செறிவு குறைந்தது 350 லக்சு இருத்தல் வேண்டும். 500 லக்சு பரிந்துரைக்கப்படுகிறது. கண்ணைப் பரப்பிலிருந்து 600 மி.மீ. தொலைவுக்குள், ஏறத்தாழ 30 பாகைக்குக் குறையாத கோணத்தில் வைத்துப் பார்க்க இடவசதி இருக்க வேண்டும். தேவைப்படின் உருப்பெருக்கிக் கண்ணாடி பயன்படுத்தப்படும்.

மக்னீசியம் கலந்த உலோகக்கலவைகளில் பற்றவைப்பின் மீது கரிய படிவு தோன்றுவதுண்டு. அது சிறு துளைகளை மறைக்கக்கூடும் என்பதால், துருவேறா எஃகுத் தூரிகையால் மெதுவாக நீக்கிய பின்னரே சோதிக்கப்படுகிறது. சோதனைக்கு முன் பரப்பைச் சாணை பிடித்தல் நன்றன்று. மென்மையான அலுமினியம் இழுபட்டுத் துளைகளின் வாயை மூடிவிடும். குறை அங்கேயே இருக்க, பரப்பு மட்டும் நல்லதாகத் தோன்றும்.

ஏற்பு வரம்புகள்

வில் பற்றவைப்பு செய்த அலுமினியத்துக்கான ஐ.எஸ்.ஓ. 10042 தரநிலை பி, சி, டி என மூன்று தர மட்டங்களை வகுக்கிறது. இவற்றுள் பி மிகக் கடுமையானது. டி மிகத் தளர்வானது. துளையின் விட்டம் பற்றவைப்பின் தடிமனோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுவதால், தடித்த தகட்டில் ஏற்கப்படும் துளை மெல்லிய தகட்டில் நிராகரிக்கப்படலாம். அமெரிக்கப் பற்றவைப்புக் கழகத்தின் டி1.2 விதித்தொகுப்பு அலுமினியக் கட்டமைப்புகளுக்குரிய மற்றொரு தரநிலை ஆகும்.

எந்த மட்டம் தேவை என்பதை வடிவமைப்பாளரே முன்கூட்டிக் குறிப்பிட வேண்டும். மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் உறுப்புகளில் மேற்பரப்புத் துளையிலிருந்து களைப்பு விரிசல் தொடங்கக்கூடும். ஆகையால் அங்கு கடுமையான வரம்பு தேவைப்படுகிறது.

சோதனையின் எல்லை

மேற்பரப்பில் துளைகள் காணப்படின் உள்ளேயும் இருக்கலாம் என ஐயுற வேண்டும். ஆனால் மேற்பரப்பு குறையின்றி இருப்பது உட்பகுதியின் தரத்துக்குச் சான்றாகாது. உட்பகுதியை அறியக் கதிர்ப்படச் சோதனை அல்லது மீயொலிச் சோதனை தேவை. மாதிரித் துண்டை உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்தும் அறியலாம்.

ஏற்க முடியாத துளைகளின் மீது உலோகத்தை மீண்டும் உருக்கி ஊற்றி மூடுதல் திருத்தம் ஆகாது. குறையுள்ள பகுதியை முழுவதும் அகழ்ந்து நீக்கி, தூய்மை செய்து, மீண்டும் பற்றவைத்து, மறுபடியும் சோதிக்க வேண்டும்.